டீ டம்ளருக்குப் பக்கத்தில்

நூல் மில்லில் இடுப்புவலி என்று எந்தப் பெண் வந்து நின்றாலும் சூப்பர்வைசர் நடேசன் டிராயரைத் திறந்து ஒரு வெள்ளை மாத்திரையை நீட்டுவார். வலி அடங்கிவிடும், மெஷின் நிற்காது. அன்று மயிலாத்தாள் கை நீட்டவில்லை. முகமும் காலும் வீங்கியிருந்தன. காலையில் பிடித்த சிறுநீர்ப் புட்டியை அவருடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே நுரை அடங்காமல் நின்றது.

"என்ன புள்ள இது?"

"உங்க மாத்திரை பண்ணுன வேலைங்க. டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. கிட்னி நல்லாருக்குதுன்னு டாக்டர் சொல்லட்டும், அப்புறம் முழுங்கறேன்."

"மொதல்ல இத எடு. போய் வேலையப் பாரு."

அவள் எடுக்கவில்லை. டம்ளரைத்தான் ஓரமாக நகர்த்தி, மேசையில் இன்னும் கொஞ்சம் இடம் பண்ணினாள். மாத்திரைக்காகப் பின்னால் நின்ற தங்காள் ஓவர்கோட்டுப் பைக்குள் கையை விட்டு, தன் புட்டியை எடுத்தாள்.