கடைசியில் நின்ற பச்சைக் குடம்

ராயபுரத்துப் பழைய கிடங்கொன்றில் வெற்றியின் கலைக் கண்காட்சி அன்று காலைதான் தொடங்கியது. பிளாஸ்டிக் குடங்களை நீள வரிசையாக நிறுத்தி, 'தாகம்' என்று பெயர் வைத்திருந்தான். பேட்டி எடுக்க வந்த நிருபர் மலர் அசந்துபோனாள்.

"எல்லாமே அடிபட்டு நசுங்கின குடம். அதுதான் சார் அழகு!"

"புதுக் குடத்துல வாழ்க்கை இல்லைங்க," என்றான் வெற்றி, தாடியைத் தடவிக்கொண்டே.

"அந்தப் பச்சைக் குடம் மட்டும் கடைசியில ஒதுங்கி நிக்குதே?"

"அது தனிமை."

"கண்காட்சிப் பக்கமே வராத சனங்களை எப்படி சார் இழுக்கப் போறீங்க?"

"படைப்புல உண்மை இருந்தா, அவங்களே தேடிக்கினு வருவாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, அவன் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் திரண்டுவிட்டார்கள். மலருக்குப் புல்லரித்தது. வெற்றி கண் கலங்கி, கைகூப்பியபடி ஓடினான்.

முன்னால் நின்ற அவன் அம்மா பவுனம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"டேய், தண்ணி லாரிக்கு வரிசைல வெச்ச குடத்தயெல்லாம் தூக்கினு வந்து இங்க இன்னாடா பண்ணிகினு கீற? லாரி வந்து நிக்குதுடா!"

பெண்கள் குடங்களின் மேல் பாய்ந்தார்கள்.

"யாரும் கை வெக்காதீங்க!" பக்கத்து வீட்டு ஹில்டா குறுக்கே விழுந்து மறித்தாள்.

தன் கலையை மதிக்க ஒருத்தியாவது இருக்கிறாளே என்று வெற்றி நெகிழ்ந்துபோனான்.

"அந்தப் பச்சக் குடம் என்னுது. மொத ஆளா வந்து வெச்சேன், கடைசில தள்ளி வெச்சுகீறான். மொதல்ல வரிசைய சரியா வெக்கச் சொல்லு, அப்பறம் எடுங்க!"