பெரிய லீக்குக்குப் போன அணி

ஆற்றங்கரைக் கல்லூரி மைதானத்து அணிலும் மலையடிக் கல்லூரி மைதானத்து மைனாவும், தங்கள் கபடி அணிகளுக்காக எப்போதும் சண்டை போடும். ஒருநாள் ஆற்றங்கரை அணிக்குத் தலைநகரத்துப் பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வந்தது.

"பாத்தியா, எங்களைத்தான் கூப்பிட்டிருக்காங்க!" என்று அணில் குதித்தது.

"போங்க, போங்க. உதை வாங்கிட்டுத்தான் திரும்புவீங்க. அதைப் பாக்கவே நானும் வர்றேன்" என்றது மைனா.

இரண்டும் அணியின் பஸ் கூரையில் தொற்றிக்கொண்டு போயின.

முதல் ஆட்டத்திலேயே ஆற்றங்கரை அணி தோற்றது.

"யாருப்பா இந்தப் பட்டிக்காட்டு அணி?" என்று தலைநகரத்துப் புறா ஒன்று சிரித்தது.

மைனா சிறகை விரித்துக்கொண்டு அதன்முன் போய் நின்றது.

"வாயை மூடு! எங்களையே மண்ணைக் கவ்வ வச்சவங்க இவங்க. அடுத்த ஆட்டத்துக்கு வந்து பாரு!"