விழாமல் பிடிக்கும் வேலை

வி.ஆர். கண்ணாடி புதுசாக வந்த காலத்தில், சங்கிலிமுத்துவுக்குப் பொருட்காட்சியில் ஒரே வேலைதான். சனம் அதை மாட்டிக்கொண்டு, இல்லாத ராட்டினத்துக்குப் பயந்து நிசமாகவே சாயும். இவர் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்வார். கழற்றியதும் எல்லாரும் சிரிப்பார்கள்.

இப்போது எவன் கழற்றுகிறான்? மகள் திலகா குளிக்கும்போதுகூடப் போட்டிருக்கிறாள். அவளுடைய புது வீட்டைப் பார்க்க வந்தவர், பன்னிரண்டாம் மாடி பால்கனியில் கால் வைத்ததும் திகைத்து நின்றார். விளிம்பில் தடுப்புச் சுவரே இல்லை. அங்கேதான் திலகா துணி உதறிக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து தோளைப் பிடித்தார். "ஏ தாயி, உள்ளே வா! சுவரு எங்கடி?"

"இந்தா இருக்கே, மேலே ரோசாத் தொட்டியோட! கண்ணாடியில தெரியுதுன்னு நிசச் சுவரு கட்டாம விட்டுட்டாங்க."

"சாஞ்சா என்னடி ஆகும்?"

"சாயாதீங்கன்னு குடிவந்த அன்னிக்குச் சொன்னாங்க. அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கு? இந்தாங்க, நீங்களே பாருங்க."

சிரித்துக்கொண்டே தன் கண்ணாடியைக் கழற்றாமல், கொடியில் தொங்கிய இன்னொன்றை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள்.

இடுப்பளவுக்கு வெள்ளைச் சுவர் கெட்டியாக நின்றது. ரோசா பூத்திருந்தது. அவருடைய நெஞ்சுப் படபடப்பு சட்டென்று அடங்கியது. மகளின் தோளைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே தளர்ந்தன.

அது தெரிந்ததும் கிழவர் கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அவளைக் கெட்டியாகப் பிடித்தார்.

"வலிக்குதுப்பா, விடுங்க" என்றாள் திலகா.