முதலில் வருகிற டாக்டர்

ஜன்னல் வழியே வருகிற சாயங்கால வெயில் அப்பாவின் வலது காலில் விழுகிறது. பெருவிரல் ஓரத்துப் புண் கறுத்துக் கிடக்கிறது. ஓர் ஈ அதன்மேல் உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திப் பதினோரு நாளாகிறது என்று, ஏதோ சாதித்தவர் மாதிரி, இப்போதுதான் மகளிடம் சொல்கிறார். "எல்லாம் இந்த டாக்டர் எழுதினதும்மா. தேடினா முதல்ல இவருதான் வர்றாரு. சும்மாவா வருவாரு?" போனை நீட்டுகிறார். 'மாத்திரை இல்லாமல் சர்க்கரையை விரட்ட ஏழு வழிகள்.' மகள் எட்டிப் பார்க்கிறாள். கம்பெனிகள் காசு கொடுத்துக் கேட்கிற பக்கத்தை இணையத் தேடலில் முதலில் வரவைப்பதுதான் அவள் வேலை. ஒரு மூலிகைப் பொடி கம்பெனிக்காக அந்த ஏழு வழியையும் ஒரே மத்தியானத்தில் எழுதித் தள்ளியவள் அவள். ஆபீசில் கைதட்டினார்கள். அட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையை நீட்டுகிறாள். "அப்பா, டாக்டரே கிடையாது. இதை எழுதினது நான்தான். போட்டுட்டுக் கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்." அப்பா தொண்டை அதிரச் சிரிக்கிறார். "நீயா? உனக்குத் தலைவலின்னாலே என்ன மாத்திரைன்னு என்னைத்தான் கேப்ப. என்னைக் கூட்டிட்டுப் போக என்ன புளுகு புளுகுற!" வெள்ளைக் கோட்டுக்காரரின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டுகிறார். "இந்த மூஞ்சியைப் பாரு. பொய் சொல்ற மூஞ்சியா இது?" இல்லைதான். பார்த்தவுடன் நம்பத் தோன்ற வேண்டும் என்று நாற்பது படங்களை அலசி அவள் பொறுக்கி எடுத்த மூஞ்சி அது.