கார்வினோ எங்கே ஆடுகிறான்?

"அண்ணே, கண்ணை மூடிக்கிட்டா பதில் போடுறீக? கார்வினோ எந்த ஊர்ல ஃபார்வேர்டு?"

கடைக்குள் காலை வைப்பதற்கு முன்பே முத்துக்கண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் மெய்யநாதன், ஷட்டில் மட்டைக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"வாங்க மாஸ்டர். தேனு, மாஸ்டருக்கு அந்த ஸ்டூலை எடுத்துப் போடு."

அவர் மகள் தேனம்மை, காற்று அடித்துக்கொண்டிருந்த பந்தை வைத்துவிட்டு ஸ்டூலை நகர்த்தினாள். முத்துக்கண்ணன் பயிற்சி கொடுக்கும் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர்.

"உக்கார வரலண்ணே. நியாயம் கேக்க வந்தேன்."

அவர் நியாயம் கேட்டு வந்தது, கால்பந்துப் பைத்தியம் பிடித்த எட்டுப் பேர் சேர்ந்து இணையத்தில் ஆடும் ஒரு ஆட்டத்துக்காக. வெளிநாட்டு வீரர்களை முறை வைத்து ஆளாளுக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். நிஜ மைதானத்தில் அவர்கள் ஆடுவதைப் பொறுத்து இங்கே புள்ளி. கார்வினோ, முத்துக்கண்ணன் எடுத்த வீரர். எந்த வீரர் எந்த இடத்து ஆட்டக்காரர் என்று பதிவதும், தகராறு வந்தால் தீர்த்து வைப்பதும் லீக் நிர்வாகத்தின் வேலை. நிர்வாகம் என்றால் எல்லோருக்கும் மெய்யநாதன்தான்.

"போன வருசம் வரைக்கும் அவன் முன்னாடி நின்னு கோல் போடுற ஃபார்வேர்டு, ஒத்துக்கிறேன். இந்த வருசம் புது கிளப்புல பின்னாடி இறக்கிட்டாக. மொத மேட்ச்லருந்து டிஃபென்ஸ்லதான் நிக்கிறான். எதிராளியை ஒரு கோலும் போட விடலைன்னா டிஃபென்டருக்கு நாலு புள்ளி. என் ஆளுக்கு ஒண்ணும் கிடையாது. ஏன்னா உங்க லீக்குல அவன் இன்னும் ஃபார்வேர்டாம்."

"நாலு புள்ளிதான மாஸ்டர், போனாப் போகுது."

"எப்படிண்ணே போகும்? இது கடைசி வாரம். தேவகோட்டை வீரணன் என்னைய விட மூணு புள்ளிதான் கூட. ரெண்டு வருசமாக் கோப்பையை டிவிக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு, போறவன் வாரவனுக்கெல்லாம் காட்டுறான். கரண்டு கணக்கெடுக்க வந்த ஆளுக்குக் கூடக் காட்டியிருக்கான். இன்னைக்கு மேட்ச் ஆரம்பிச்சிருச்சுன்னா அப்புறம் எதையும் மாத்த முடியாது."

முத்துக்கண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல மரியாதையாத்தான் எழுதுனேன். நிர்வாகத்துக்கிட்டருந்து வந்த பதிலைக் கேளுங்க. 'சேரும்போது என்ன இடமோ, அதான் இடம்.' இது ஒரு பதிலா?"

மெய்யநாதன் நரம்பை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"சரின்னு வீடியோ அனுப்பினேன். அடுத்த பதில், 'உனக்கு மாத்துனா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாக.' நிக்கட்டுமே. நியாயம் இருக்கிறவன் வரத்தான செய்வான்? அதுலயும் பாருங்க, 'உனக்கு'வாம். உங்களை நான் என்னைக்காவது மரியாதை இல்லாமப் பேசியிருக்கேனா?"

"இல்ல மாஸ்டர்."

"மூணாவதுதான் என்னையக் கெளப்பிக்கிட்டு வந்துச்சு. 'கெடச்ச இடத்துல ஒழுங்கா ஆடு, பொறவு பாப்போம்.' நான் எங்கண்ணே ஆடுறேன்? கட்டில்ல சாஞ்சுக்கிட்டு போன் பாக்குறவன். எனக்கு எதுக்கு இந்தப் பதில்?"

மெய்யநாதனுக்குச் சிரிப்பு வந்தது. மட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அவரு நெசமாவே பின்னாடிதான் ஆடுறாரா சார்?" என்று தேனம்மை கேட்டாள்.

"நீயே பாரு." முத்துக்கண்ணன் போனை அவள் பக்கம் திருப்பினார். "எம்புட்டு ஓடுறான், எங்க நிக்கிறான், எத்தனை பந்தைத் தடுக்கிறான். கண்ணு இருக்கிறவனுக்கு இதுல என்ன சந்தேகம்?"

"சேரும்போது வேற இடத்துல இருந்தாருல்ல சார்."

"இருந்தா? காலம் பூரா அங்கயே கட்டிப் போட்ருவாகளா? ஒருத்தன் என்ன செய்றான்னு மைதானத்துல பாத்து முடிவு பண்ணணும் தேனு. என்னைக்கோ ஒருநாள் எழுதி வச்சதைப் பாத்து இல்ல. எங்க போய்க் கேட்டாலும் இதான் நியாயம்."

"எங்க போய்க் கேட்டாலுமா சார்?"

"எங்க வேணாக் கேளு."

தேனம்மை மறுபடி பந்துக்குக் காற்றடிக்க உட்கார்ந்தாள்.

"மோர் குடிக்கிறீகளா மாஸ்டர்?" என்றார் மெய்யநாதன்.

"மோரும் வேணாம், ஒண்ணும் வேணாம். இதை எழுதும்போது உங்க மனசுல என்ன இருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

மெய்யநாதன் மட்டையைக் கீழே வைத்தார்.

"நான் எழுதல மாஸ்டர். போன வருசம் நீங்களும் வீரணனும் இதே கடையில சட்டையைப் பிடிச்சீகளே, அதோட எனக்குப் போதும்னு ஆயிருச்சு. பொறுப்பை வேற ஆளுக்கிட்டக் குடுத்துட்டேன். பேரைச் சொன்னா நீங்க யாரும் மதிக்க மாட்டீகன்னு வெளிய சொல்லல."

"அப்படியா சங்கதி." முத்துக்கண்ணன் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வரச் சொல்லுங்க அந்த ஆளை. ஒருத்தன் உழைப்பைக் கண்ணால பாத்துக்கிட்டே இப்படி ஒரு பதில் சொல்ல எப்படி மனசு வந்துச்சுன்னு நேருக்கு நேரா நிக்க வச்சுக் கேக்கணும்."

மெய்யநாதன் மகளைப் பார்த்தார்.

தேனம்மை கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். ஏதோ இரண்டு தட்டுத் தட்டினாள்.

"கார்வினோவை டிஃபென்டரா மாத்திட்டேன் சார். நீங்க கேட்டது நியாயம்தான்," என்றாள். "ஆனா அந்த மூணு பதிலும் என் சொந்தச் சரக்கு இல்ல. என்னைய ஃபார்வேர்டா ஆட விடுங்கன்னு மூணு தடவை வந்து கேட்டேன்ல, அப்ப நீங்க சொன்னதுதான்."