கொதி

மகனைக் கொன்ற கிருமியைக் கண்ணெதிரே சாகடித்தால்தான் போவேன் என்று பவளக்கொடி ஆய்வுக்கூடத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பையனுக்குக் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தவள் டாக்டர் உமையாள். அப்படியொரு வீரியமான கிருமி அவளுடைய ஆராய்ச்சியில் அதுவரை சிக்கியதில்லை. அழுகிறவளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவளை உள்ளே கூப்பிட்டு, அந்தக் கிருமி வளர்ந்து கலங்கிய நீர் இருந்த கண்ணாடிக் குழாயைக் காட்டி, கொதிக்கும் தண்ணீரில் இறக்கினாள். எப்படியும் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைதான். கொதியில் கூடக் கலந்திருக்கும் மற்ற கிருமியெல்லாம் செத்துப்போகும். கெட்டி ஓட்டுக்குள் தூங்குகிற இந்தக் கிருமி மட்டும் அந்தச் சூட்டில்தான் விழித்துக்கொள்ளும்.

பவளக்கொடி கண்ணெடுக்காமல் பார்த்தாள். "நல்லா வேகட்டும் டாக்டரம்மா. துடிச்சுச் சாவட்டும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "செத்துருச்சா?"

"செத்துருச்சும்மா. இப்படிக் கொதிச்சா எதுவும் பொழைக்காது."

பவளக்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். கதவு வரை போனவள் அப்படியே நின்று திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்ப, அன்னிக்கு நான்தான் சோத்தச் சரியா வேக வெக்கலியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இந்தக் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். உமையாள் தண்ணீரைப் பார்த்தாள். இதற்கு மேல் விட்டால் கிருமி நிஜமாகவே செத்துவிடும். அவசரமாகக் குழாயை வெளியே எடுத்தாள்.