இஞ்சேருங்கோ

வெள்ளவத்தை வீட்டிலிருந்தபடி தனஞ்சயன் பராமரிக்கும் சேலைக்கடை இணையத்தளம் அன்று காலையும் நின்றுபோனது. அது நம்பியிருக்கும், பிறர் எழுதிவைத்த மென்பொருள் நூலகத்தில் ஒரு குறை இருந்தது. தளத்தில் கடைக்கு எழுதுகிற யாராவது ஒரு செய்தியைத் தொடங்கி முடிக்காமல் விட்டால், தளத்தை ஓட்டும் சேர்வர் மற்ற எல்லோரையும் நிறுத்திவிட்டு அந்த மிச்சத்துக்காகக் காத்திருக்கும்.

கூட வேலை செய்யும் மிதுஷன் தொலைபேசியில் கத்தினான். "அண்ணை, அந்த நூலகத்தின்ர புது வேர்ஷனைப் போடுங்கோ. அரைகுறைச் செய்தியை அது வெட்டி எறிஞ்சிடும். கடை முதலாளி என்ர உயிரை எடுக்கிறார்."

"பொறடாப்பா."

தனஞ்சயன் சிக்கிக்கிடந்த செய்தியைத் திறந்து பார்த்தான். ஒரே சொல்தான் இருந்தது: இஞ்சேருங்கோ.

போன வருடம் இறந்துபோன அவன் மனைவி கோபிகா அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் குரல் கொடுக்கும்வரை அடுத்த சொல் வராது.

புது வேர்ஷனைப் போடாமல், பதில் பெட்டியில் தட்டினான்: ஓம், சொல்லும்.

தளம் உடனே ஓடத் தொடங்கியது.

"போட்டாச்சே அண்ணை?"

"இல்லை. இனித் தேவைப்படாது."

செய்தியின் மிச்சம் வந்திருந்தது: தேத்தண்ணி ஆறுது.

அன்று அவன் அடுப்பே மூட்டியிருக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனான். மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை இன்னும் சுட்டது. வழக்கம்போலச் சீனி குறைவு. முழுவதையும் குடித்தான்.